சேர்ந்து சாப்பிடற ஒரு சபை: சென்னையில எப்படி ஆரம்பிக்கறது?

வேளச்சேரி பக்கம் நாலு குடும்பமா சேர்ந்து புதுசா ஒரு சபை ஆரம்பிக்கணும்னு பாரம் இருக்கு, ஸ்டேஜ், மைக், கீபோர்டுன்னு போகாம வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து சமைச்சு உக்காந்து சாப்பிட்டு அதுக்குள்ளயே பாட்டு, ஜெபம், வசனம்னு வெச்சுக்கலாம்னு நினைக்கறோம், இது சரியா வருமா, எங்கேர்ந்து தொடங்கறதுன்னு பிரதர் நீங்க கேட்டிருந்தீங்க. வடசென்னையில இந்த மாதிரி ஒரு சின்ன ஐக்கியத்துல பல வருஷமா சமைச்சும் பரிமாறியும் வர்றவன்ங்கற முறையில எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்றேன், கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல, இது ஏதோ வெளிநாட்டுல புதுசா வந்த ஃபேஷன்னு யாராவது சொன்னா கலங்காதீங்க. நியூயார்க்ல செயின்ட் லிடியாஸ்னு ஒரு லுத்தரன் சபை 2008-லேர்ந்து இப்படித்தான் நடந்துச்சு, வர்றவங்களே சேர்ந்து சமைப்பாங்க, சாப்பாட்டு மேஜைதான் ஆராதனை, கடைசியில எல்லாரும் சேர்ந்து பாத்திரம் கழுவிட்டுப் போவாங்க, அதைப் பாத்து அங்க நிறைய இடத்துல ஆரம்பிச்சாங்க. ஆனா விஷயம் அதைவிட ரொம்பப் பழசு. அப்போஸ்தலர் 2-ல "வீடுகள்தோறும் அப்பம்பிட்டு, மகிழ்ச்சியோடும் கபடமில்லாத இருதயத்தோடும் போஜனம்பண்ணி"ன்னு இருக்கே, அதுதான். கி.பி. 112 வாக்குல பிளினிங்கற ரோம ஆளுநர் கிறிஸ்தவங்களைப் பத்தி பேரரசருக்கு எழுதின கடிதத்துல, இவங்க விடியறதுக்கு முன்னாடி கூடிப் பாடறாங்க, அப்புறம் மறுபடி கூடி சாதாரண சாப்பாடு சாப்பிடறாங்கன்னு எழுதியிருக்கார். 197 வாக்குல தெர்த்துல்லியன்ங்கற பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் இன்னும் விவரமா எழுதறார், ஜெபம் பண்ணிட்டு உக்காருவாங்க, பசிக்கற அளவுக்குச் சாப்பிடுவாங்க, கை கழுவி விளக்கு ஏத்தின பின்னாடி ஒவ்வொருத்தரையும் பாடச் சொல்லுவாங்கன்னு. நாலாம் நூற்றாண்டுல லவோதிக்கேயாவுல கூடின சபைத் தலைவர்கள் சங்கம் இந்த விருந்தை சர்ச்சுக்குள்ள நடத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு, அப்புறம் 1727-ல ஜெர்மனியில மொரேவியர்கள்ங்கற புராட்டஸ்டன்ட் பிரிவினர் அன்பின் விருந்துன்னு திரும்ப ஆரம்பிச்சு, ஜான் வெஸ்லி அவங்ககிட்டேர்ந்து கத்துக்கிட்டு மெதடிஸ்டுகளுக்குக் கொண்டு போனார். அந்த மொரேவியர்கள் 1760-ல நம்ம தரங்கம்பாடிக்கே வந்து இருந்தவங்க.

அதெல்லாம் விடுங்க, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆளுங்ககிட்ட போய் அசனம்னு சொல்லிப் பாருங்க, முகம் மலர்ந்துடும். ஊரே கூடி அரிசி, காசு, விறகுன்னு குடுத்து, சர்ச் வளாகத்துலயே பெரிய பெரிய வட்டாவுல சோறும் குழம்பும் வெச்சு, வரிசையா உக்காந்து சாப்பிடுவாங்க, சென்னையில வேலைக்கு வந்து செட்டில் ஆனவங்க கூட அதுக்குன்னு லீவு போட்டு ஊருக்குப் போவாங்க. நீங்க ஆரம்பிக்கப் போறது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற அதை வாரா வாரம், சின்னதா, வீட்டுக்குள்ள நடத்தறதுதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சாப்பாடு போடறது வேற, சேர்ந்து சாப்பிடறது வேற. வடலூர்ல வள்ளலார் 1867-ல மூட்டின அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையல, அது மகத்தான தர்மம். 2015 டிசம்பர் வெள்ளத்துல நம்ம சென்னை சர்ச்சுங்க, மசூதிங்க, கோயிலுங்க எல்லாம் பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க, அதுவும் வேணும். ஆனா அங்கெல்லாம் குடுக்கற கை ஒண்ணு, வாங்கற கை ஒண்ணு. நீங்க சபைன்னு சொல்றதுனால இந்தப் பிரிவு உங்ககிட்ட இருக்கவே கூடாது. யார் சமைக்கறாங்க, யார் பரிமாறறாங்க, யார் கடைசியா சாப்பிடறாங்க, யார் பாத்திரம் கழுவறாங்க, இந்த நாலு கேள்விக்கும் வாரா வாரம் ஒரே ஆளுங்கதான் பதில்னா அது சபை ஆகாது, பாட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி. நான் சொல்ல வந்ததே இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதுக்குக் கீழதான்.

உங்க ஏரியாவையே எடுத்துக்கோங்க. கண்ணகி நகர்லேர்ந்தும் பெரும்பாக்கத்துலேர்ந்தும் நிறைய அக்காங்க காலையில வேளச்சேரி, பெருங்குடி அபார்ட்மென்டுகளுக்கு வீட்டு வேலைக்கு வர்றாங்க, அவங்கள்ல பல குடும்பம் கூவம் கரையிலேர்ந்தும் அடையாறு கரையிலேர்ந்தும் அப்புறப்படுத்தி அங்க கொண்டு போய் விடப்பட்டவங்க. உங்க வீட்ல பாத்திரம் தேய்க்கற அக்கா ஒரு நாள் இந்தக் கூட்டத்துக்கு வருவாங்க, வரணும். வந்தா என்ன நடக்கும்னு நான் பாத்திருக்கேன். சாப்பிட்டு முடிச்ச உடனே யாரும் சொல்லாமயே எழுந்து, முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு சிங்க்கிட்ட போயிடுவாங்க, பாதி சாப்பிட்டுட்டு இருக்கற மத்தவங்க தட்டையும் கண்ணாலயே எண்ணுவாங்க. "ஐயோ அக்கா நீங்க உக்காருங்க"ன்னு பதறி எழுந்து கையைப் பிடிச்சு இழுக்கறதும் உதவாது, அது அவங்களை இன்னும் கூச்சப்பட வெக்கும். ஒரு அட்டவணை போட்டு சுவத்துல ஒட்டிடுங்க, இந்த வாரம் பாத்திரம் இவங்க ரெண்டு பேர், காய் நறுக்கறது இவங்க, கோலா கம்பெனி மேனேஜர்னாலும் சரி, காலேஜ் பையன்னாலும் சரி, அந்த அக்கா பேரும் அதுல மத்தவங்களைப் போல முறை வரும்போது மட்டும் வரட்டும். முக்கியமா ஒரு வாரம் என்ன சமைக்கறதுன்னு முடிவு பண்ற உரிமை அவங்களுக்கும் வரட்டும். எங்க ஐக்கியத்துல ஒரு அக்கா தன் முறை வந்தப்போ கருவாட்டுக் குழம்பு வெக்கலாமான்னு ரொம்ப மெதுவா கேட்டாங்க, அன்னிக்கு அவங்க அடுப்புகிட்ட நின்னு புளி எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு மத்தவங்களுக்கு சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம்தான் ஜெபத்துல வாய் திறந்து ஜெபம் பண்ணவே ஆரம்பிச்சாங்க.

ஜாதியைப் பத்தி பேசாம இதை முடிக்க முடியாது. நம்ம ஊர்ல யார் கையால யார் சாப்பிடுவாங்கங்கறது என்னிக்குமே சாதாரண கேள்வியா இருந்ததில்ல. சேரன்மாதேவி குருகுலத்துல பிராமணப் பிள்ளைங்களுக்குத் தனியா சாப்பாடு போட்டாங்கன்னுதான் 1924, 25-ல வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அவ்வளவு பெரிய போராட்டம் பண்ணாங்க. கிறிஸ்தவங்க மட்டும் என்ன? 1850-ல மெட்ராஸ் மிஷனரி கான்ஃபரன்ஸ், ஜாதியை விட்டதுக்கு அடையாளமா எந்த ஜாதிக்காரர் சமைச்சதையும் சாப்பிடத் தயாரா இருக்கணும்னு தீர்மானம் போட வேண்டிய நிலைமை இருந்துச்சு, லைப்சிக் லுத்தரன் மிஷன்காரங்க மட்டும் அந்த வழிக்கு ஒத்துக்கல. அந்தத் தீர்மானத்தோட நோக்கம் சரிதான், ஆனா மேலேர்ந்து ஒருத்தர் பரீட்சை மாதிரி ஒரு நாள் சாப்பிட வெச்சா, அன்னிக்கு சாப்பிட்டுட்டு மறுநாள் வீட்டுக்குப் போய் பழையபடி இருக்கறதுக்கு வழி இருக்கு. வாரா வாரம் ஒரே வாணலியைச் சுத்தி நின்னு வெங்காயம் உரிக்கறதுல அப்படித் தப்பிக்க முடியாது. பேதுருவே அந்தியோகியாவுல புறஜாதியாரோட, அதாவது யூதர் அல்லாதவங்களோட, சாப்பிட்டுட்டு இருந்து, எருசலேம்லேர்ந்து ஆளுங்க வந்த உடனே விலகிப் போனார், பவுல் முகத்துக்கு நேரா கேட்டார், கலாத்தியர் 2 வாசிங்க.

எங்ககிட்ட ஒரு பெரியவர் வந்துட்டு இருந்தார், நல்லா வேதம் தெரிஞ்சவர், எப்பவும் வீட்லேர்ந்து ரெண்டு அடுக்கு டிபன் பாக்ஸ் கொண்டு வருவார், சுகர்னு சொல்லுவார். சரி சுகர்தானேன்னு நாங்க அவருக்குன்னே கோதுமை ரவை உப்புமா, சுண்டல், பொரியல்னு செஞ்சு வெச்சோம். அதையும் தொடல, தண்ணி கூட தன் பாட்டில்லேர்ந்துதான். ஒரு நாள் நான் தனியா கூப்பிட்டு மரியாதையாதான் கேட்டேன், ஐயா நீங்க இங்க சாப்பிடாததுக்கு சுகர்தான் காரணமான்னு. அவர் பதில் சொல்லல. அதுக்கப்புறம் வர்றதில்ல. அவர் வீட்டம்மா மட்டும் இன்னும் வர்றாங்க, சாப்பிடறாங்க. இந்த மாதிரி ஆள் உங்ககிட்டயும் வருவாங்க, கூட்டம் குறைஞ்சிடுமேன்னு பயந்து கேக்காம விட்டுடாதீங்க, ஏன்னா அந்த டிபன் பாக்ஸை நீங்க மட்டும் பாக்கல, அங்க உக்காந்திருக்கற எல்லாரும் பாக்கறாங்க, அதோட அர்த்தம் யாருக்குப் புரியணுமோ அவங்களுக்கு முதல்லயே புரிஞ்சிருக்கும்.

அடுத்தது பொம்பளைங்க. நம்ம வீடுகள்ல முதல் பந்தி ஆம்பளைங்க, அப்புறம் பசங்க, கடைசியில ஆறிப் போன சோத்தை அம்மாங்க சாப்பிடுவாங்க. இதையே சபையிலயும் கொண்டு வந்தா, பிரசங்கம் நடக்கும்போது பாதி சபை கிச்சன்ல நிக்கும். பவுல் கொரிந்தியருக்கு எழுதறார், "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்"னு. அங்க பிரச்சனையே வசதியானவங்க முன்னாடியே வந்து சாப்பிட்டுட்டாங்க, வேலை முடிச்சு லேட்டா வந்தவங்களுக்குப் பசிதான் மிச்சம். அதனால ஒரே பந்தி, ரெண்டாம் பந்தியே கிடையாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணிடுங்க. சோறு, குழம்பு எல்லாத்தையும் நடுவுல வெச்சுட்டு எல்லாரும் உக்காந்த பின்னாடிதான் ஜெபம், தேவையானதை பக்கத்துல இருக்கறவங்களுக்கு எடுத்துப் போட்டுக்கட்டும். அடுப்படியில ஆம்பளைங்க கட்டாயம் இருக்கணும், சும்மா சிலிண்டர் தூக்கிக் குடுக்க மட்டும் இல்ல, அரிசி களையவும் பாத்திரம் தேய்க்கவும்.

எந்த நாள், எத்தனை மணின்னு யோசிக்கும்போதும் இதே கேள்விதான். நீங்க ஐடில இருக்கீங்க, சனிக்கிழமை ராத்திரி உங்களுக்கு வசதி. ஆனா வீட்டு வேலை செய்யறவங்களுக்கு ஞாயிறு மத்தியானத்துக்கு மேலதான் மூச்சு விட முடியும், செக்யூரிட்டி வேலையில பன்னண்டு மணி நேர ஷிஃப்ட். ஞாயிறு காலையில வெச்சா பக்கத்து சபையிலேர்ந்து ஆளை இழுக்கறீங்கன்னு பேர் வரும், அது நியாயமான குற்றச்சாட்டாவும் இருக்கும். அதனால ஞாயிறு சாயங்காலம் அஞ்சரைக்கு சமையல் ஆரம்பிச்சு, ஏழு மணிக்கு உக்காந்து, ஒன்பதுக்குள்ள பாத்திரம் கவிழ்த்துடற மாதிரி வெச்சுக்கோங்க, மறுநாள் ஸ்கூல் இருக்கு. இப்ப இருக்கற சபை பாஸ்டர்கிட்ட மறைக்காம சொல்லிட்டு ஆரம்பிங்க, அவர் ஆசீர்வதிச்சாலும் சரி, முகம் சுளிச்சாலும் சரி.

திருவிருந்து, அதாவது இயேசுவோட கடைசி இராப்போஜனத்தை நினைச்சு அப்பமும் திராட்சரசமும் எடுக்கறது, அதைப் பத்தி உங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்குன்னு எழுதியிருந்தீங்க. இதுல நான் கறாரா சொல்றேன், ஆரம்பத்துல சாப்பாட்டையும் திருவிருந்தையும் கலக்காதீங்க. சிஎஸ்ஐ, லுத்தரன் பின்னணியில அபிஷேகம் பண்ணப்பட்ட ஆயர் இல்லாம திருவிருந்து கிடையாது, கத்தோலிக்கர்னா குரு இல்லாம நற்கருணை கிடையாது, பிரதரன் சபைக்காரங்க வாரா வாரம் அப்பம் பிட்பாங்க ஆனா யார் பங்கெடுக்கலாம்னு அவங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. உங்க நாலு குடும்பமே மூணு பின்னணி. திதாக்கேங்கற ரொம்பப் பழைய சபை ஒழுங்குல அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும் நன்றி சொல்ற ஜெபங்கள் இருக்கு, "திருப்தியான பின்பு" இப்படி ஜெபியுங்கன்னும் வருது, அதாவது வயிறார சாப்பிட்ட சாப்பாடு, ஆனா அதுலயே ஞானஸ்நானம் எடுக்காதவங்க அதுல பங்கெடுக்கக் கூடாதுன்னும் இருக்கு. உங்க மேஜைக்கு ஞானஸ்நானம் எடுக்காத பக்கத்து வீட்டுக்காரங்களும் வரணும்னு ஆசைப்படறீங்க. அப்போ சாப்பாடு அன்பின் விருந்தா எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும், திருவிருந்தை மாசத்துக்கு ஒரு தடவை ஒரு ஆயரைக் கூப்பிட்டு தனியா நடத்துங்க.

வசனப் பகுதி பத்து நிமிஷம் போதும், சாப்பிட்டுட்டு இருக்கும்போதே ஒருத்தர் வாசிச்சு சின்னதா சொல்லட்டும், அப்புறம் ஒரே ஒரு கேள்வி, மேஜையில பேசிக்கட்டும். மைக் வேண்டவே வேண்டாம். கீர்த்தனையில நாலு பாட்டு எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்சா போதும்.

மதமாற்றம்ங்கற பேச்சு வரும், அதுக்குத் தயாரா இருங்க. சோத்தைப் போட்டு ஆள் பிடிக்கறாங்கன்னு சொல்றது இன்னிக்கு நேத்து இல்ல, மிஷனரி காலத்துலேர்ந்து இருக்கற குற்றச்சாட்டு. தமிழ்நாட்டுல 2002-ல கொண்டு வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல திரும்பப் பெறப்பட்டுச்சு, ஆனா சட்டம் இருக்கோ இல்லையோ, நேர்மைக்காக சொல்றேன், சாப்பாட்டுக்கு எந்த நிபந்தனையும் இருக்கக் கூடாது. வர்றவங்க ஜெபத்துக்குக் கண்ணை மூடலன்னாலும் ரெண்டாவது தடவை சோறு கேட்டா சந்தோஷமா போடணும். அவங்க சாப்பிடறதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வெக்கக் கூடாது. அவங்களும் கொண்டு வரட்டும், பக்கத்து வீட்டு அம்மா ஒரு தூக்குல மோர்க்குழம்பு கொண்டு வந்தா அதை முதல்ல நீங்க ஊத்திக்கோங்க, அதுதான் எல்லாப் பேச்சுக்கும் பதில்.

வீட்டு ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சென்னையில ஜெபத்தைவிட டூவீலர் பார்க்கிங்காலதான் முதல் சண்டை வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாதுன்னு விதியே இருக்கு. வீட்ல குடும்பமா கூடறது வேற, அந்த இடத்தையே நிரந்தரமா வழிபாட்டுத் தலமா மாத்தறது வேற, அதுக்கு கலெக்டர் அனுமதி வரைக்கும் போகும், அந்த கட்டம் வந்தா நல்ல வக்கீலைப் பாத்துட்டுதான் அடி எடுத்து வெக்கணும். வெளியாளுங்களுக்கு பொதுவா சாப்பாடு போடற அளவுக்கு வளந்தா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணிக்கோங்க. பணம் உண்டியல் எதுவும் மேஜைகிட்ட வேண்டாம், காசு இல்லாதவங்க கண் அங்கதான் போகும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கின சொந்தக்காரர் யாராவது சபைக்குப் பணம் அனுப்பறேன்னா, வெளிநாட்டுப் பணம் வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாம வாங்காதீங்க.

சமையல்ல சில விஷயம். நாப்பது பேருக்கு ஆளுக்கு நூத்தம்பது கிராம்னு ஆறு கிலோ அரிசி, சாம்பாருக்கு ஒன்றரையிலேர்ந்து ரெண்டு கிலோ துவரம் பருப்பு, ஆனா குழந்தைங்க நிறைய இருந்தா அரிசியை ஒரு கிலோ குறைச்சிக்கலாம். வெயில் காலத்துல முன்கூட்டியே கலந்து வெச்ச தயிர் சாதமும் தேங்காய் சட்னியும் சாயங்காலத்துக்குள்ள புளிச்சுடும், அதனால சாப்பிடற நேரத்துல கலக்கணும். மிச்சம் சோத்தை வெளியில வெச்சு மறுநாள் யாருக்காவது குடுக்கற வேலை வேண்டவே வேண்டாம், ஆறின சோறு வெளியிலயே மணிக்கணக்கா கிடந்தா அதுல வர்ற கிருமி மறுபடி சூடு பண்ணாலும் போகாத விஷத்தை உண்டாக்கும். கறி வாரா வாரம் வேண்டாம், மாசத்துக்கு ஒண்ணு போதும், சைவம் மட்டும் சாப்பிடறவங்களுக்கு கரண்டியும் பாத்திரமும் தனியா வெச்சுடுங்க. தண்ணி முன்னாடியே பிடிச்சு வைங்க, 2019 கோடையில லாரித் தண்ணிக்காக நாம நின்னது ஞாபகம் இருக்கும், நாப்பது தட்டு கழுவ மூணு டப்பு போதும், முதல்ல சும்மா தண்ணியில அலசி, ரெண்டாவதுல சோப்பு, மூணாவதுல நல்ல தண்ணி, குழாயைத் திறந்து விட்டுக் கழுவினா டேங்க் காலி ஆயிடும், மேல் வீட்டுக்காரங்க கீழ வந்துடுவாங்க. பேப்பர் பிளேட் வாங்காதீங்க. பாத்திரம் கழுவற இடத்துலதான் ஜனங்க மனசு விட்டுப் பேசறாங்க, ஒருத்தர் தேய்க்க ஒருத்தர் துடைக்க, வேலை போனது, கடன், பிள்ளைக்கு மார்க் குறைஞ்சது எல்லாம் அங்கதான் வெளிய வரும். முட்டி வலிக்கறவங்களுக்கு நாற்காலி போடுங்க, ஆனா அவங்களை மட்டும் தனியா ஓரமா உக்கார வெக்காதீங்க, பக்கத்துல இன்னும் நாலு பேரையும் நாற்காலியில உக்கார சொல்லுங்க.

நாப்பது பேர் தாண்டினா பெரிய ஹால் தேடாதீங்க, ரெண்டு வீடா பிரிங்க. பத்து மாச அட்வான்ஸ் குடுத்து ஹால் எடுத்துட்டீங்கன்னா அப்புறம் வாடகைக்காகவே கூட்டம் சேக்க வேண்டி வந்துடும், அப்போ சமையலை கேட்டரிங்காரர்கிட்ட விட்டுடுவீங்க, அங்கேயே எல்லாம் போச்சு.

முதல் ஞாயித்துக்கிழமை பிரியாணி வேண்டாம். சாதம், பருப்பு, தக்காளி ரசம், கோஸ் பொரியல், அப்பளம், இவ்வளவுதான். உங்க நாலு குடும்பமும் முதல் ரெண்டு மாசம் யாரையும் கூப்பிடாம இதையே பழகுங்க, ஆம்பளைங்க ரசம் வெக்கக் கத்துக்கோங்க, அட்டவணை நிஜமாவே சுத்துதான்னு பாருங்க. அது சுத்த ஆரம்பிச்ச பின்னாடி முதல் ஆளா உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனை கூப்பிடுங்க, ஷிஃப்ட் எப்ப முடியுதுன்னு கேட்டு அந்த நேரத்துக்கு சாப்பாட்டை மாத்தி வைங்க. நாப்பது பேருக்கு ரசப்பொடி அளவு வேணும்னா கேளுங்க பிரதர், அனுப்பறேன்.